பாதத்தை மட்டும் பார்க்கும் டாக்டர்: மகளைப் பொடியாட்ரி படிக்க விடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கிராஸ் கண்ட்ரி அணியில் ஓடுகிறாள். போன வருடம் பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (தொடர் அழுத்தத்தால் வரும் எலும்பு விரிசல்) வந்து ஒரு பொடியாட்ரிஸ்ட்டிடம், அதாவது பாத மருத்துவரிடம், நான்கு மாதம் போய் வந்தாள். அதிலிருந்து எம்.டி. வேண்டாம், பொடியாட்ரி படித்து விளையாட்டு வீரர்களுக்குக் கால் ஆபரேஷன் செய்யப்போகிறேன் என்கிறாள். அது உண்மையான டாக்டர் படிப்புதானா? எதிர்காலம் உண்டா? மதுரையில் பிளஸ் டூ படிக்கும் என் தம்பி மகனும் இதைப் பற்றிக் கேட்கிறான். அவனுக்கு என்ன வழி?

பதில்:

உண்மையான டாக்டர் படிப்பா என்று என் அப்பாவும்தான் கேட்டார். சொந்தக்காரர்களிடம் "பையன் கால் டாக்டர்" என்று சொல்ல அவருக்கு இரண்டு வருடம் ஆனது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் இரண்டு நாள் ஆபரேஷன் தியேட்டர், மூன்று நாள் கிளினிக். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. பட்டம் முடித்து, எம்.டி.க்கு எழுதும் அதே எம்கேட் தேர்வை எழுதி, நான்கு ஆண்டு பொடியாட்ரிக் கல்லூரியில் படிக்க வேண்டும். முடிவில் கிடைப்பது டி.பி.எம். (டாக்டர் ஆஃப் பொடியாட்ரிக் மெடிசின்) பட்டம். அமெரிக்கா முழுவதும் இந்தக் கல்லூரிகள் பத்துப் பதினொன்றுதான் இருக்கின்றன. உங்கள் பக்கம் என்றால் பிலடெல்பியாவில் டெம்பிள், நியூயார்க்கில் ஒன்று. ஒஹாயோவில் கென்ட் ஸ்டேட், சிகாகோ அருகே ஷோல் கல்லூரி, மயாமியில் பேரி, அயோவாவில் டெமாய்ன், அரிசோனாவில் மிட்வெஸ்டர்ன் என்று மற்றவை பரவிக் கிடக்கின்றன. டெமாய்ன் போன்ற இடங்களில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களில் பெரும்பகுதியை டி.ஓ. (எம்.டி.க்கு இணையான ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். உடற்கூறு, மருந்தியல், நோயியல் எல்லாம் முழு உடம்புக்கும் சேர்த்துத்தான். மூன்றாம் ஆண்டிலிருந்து பாதம் முன்னுக்கு வரும்.

அப்புறம் மூன்று ஆண்டு ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி. அது மருத்துவமனையில், ராத்திரி ஆன்கால் உட்பட, மற்ற ரெசிடென்ட்டுகளோடு சேர்ந்தே நடக்கும். எமர்ஜென்சி, பொது அறுவை, தொற்றுநோய்ப் பிரிவு, மயக்க மருந்துப் பிரிவு என்று சுற்றி வர வேண்டும். முடிப்பதற்குள் குறைந்தது 300 அறுவை கேஸ்களில் கை வைத்திருக்க வேண்டும். நல்ல ரெசிடென்சிகளில் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். பின்பாதம், கணுக்கால் சீரமைப்பு அறுவையும் சேர்ந்த ரெசிடென்சியா என்று பார்த்துச் சேர வேண்டும், அது முக்கியம். விளையாட்டு மருத்துவம் வேண்டுமென்றால் அதற்கு மேல் ஓராண்டு ஃபெலோஷிப். ஆக, கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகு ஏழு அல்லது எட்டு வருடம்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சட்டம் எங்களை மருத்துவர் என்றே கணக்கில் வைக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ மருத்துவமனைகளில் 2018-இல் வந்த மிஷன் சட்டம் எங்கள் சம்பளத்தை மற்ற டாக்டர்களின் சம்பள வரிசையில் சேர்த்தது. அனுமதி எல்லை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான இடங்களில் கணுக்கால் வரை அறுவை செய்யலாம். நியூயார்க்கில் கணுக்கால் அறுவைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். மகள் எந்த மாநிலத்தில் வாழ நினைக்கிறாளோ, அந்த மாநிலத்தின் சட்டத்தை இப்போதே ஒருமுறை படித்துவிடட்டும்.

சரி, காகித விவரம் போதும். உங்கள் மகள் நான்கு மாதம் பார்த்தது இந்தத் தொழிலின் ஒரு ஓரம்தான். நான் பேச நினைப்பது மிச்சத்தைப் பற்றி.

விளையாட்டுப் பாத மருத்துவம் என்றால் கத்தி பிடிப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் ஓட்டக்காரர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நான் கத்தி எடுப்பதில்லை. குதிகால் வலி, குதிநாண் வலி, சுளுக்கு, நகத்துக்கு அடியில் ரத்தக்கட்டு, ஆணிக்கால் இவைதான் அன்றாடம். குதிநாண் வலிக்கு நான் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் ஒரு படிக்கட்டுதான். நுனிக்காலில் நின்று குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை மூன்று முறை, முட்டியை மடக்கி அதே கணக்கு, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 1998-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறை இது. 12 வாரம் இதைச் செய்ய ஒருவரைச் சம்மதிக்க வைப்பது பல நேரம் ஆபரேஷனைவிடக் கஷ்டம். அந்தப் பேச்சுதான் எங்கள் தொழில். அதில் மகளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு உதாரணம் கிட்டத்திலிருந்து சொல்கிறேன். ஓடுகிற பெண் ஒருத்தி வருகிறாள், வயது 19. "பாதத்துக்கு மேலே எங்கேயோ வலிக்குது, இடம் சொல்லத் தெரியலை" என்கிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வீக்கமும் இல்லை. நான் கட்டை விரலை அவள் பாதத்தின் மேல் பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடத்தில் வைத்து அழுத்துகிறேன். அவள் முகம் சுளிக்கிறது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்கிறேன். குதிக்க மறுக்கிறாள். அடியில் இருப்பது நாவிக்குலர் என்னும் படகு வடிவ எலும்பு. அதன் நடுப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஓடும்போது அழுத்தம் முழுக்க அங்கேதான் விழும். எக்ஸ்ரே இதைத் தவறவிடும் என்று தெரிந்தால்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தோன்றும். தோன்றாவிட்டால் "சுளுக்குதான், ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிடுவோம். அந்தப் பெண் விரிசலோடு ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டு திரும்பி வருவாள்.

சரியாகக் கண்டுபிடித்தால் வைத்தியம் எளிது, ஆனால் கொடுமையானது. ஆறு வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது. கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு இந்த எலும்பு பழக்கம். சீனாவின் யாவ் மிங்குக்கு 2008-இல் இடது பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்தது, 2009-இல் அதே பாதத்தில் மறுபடி விரிசல். 2011-இல் 30 வயதில் ஓய்வு அறிவித்துவிட்டார். ஜோயல் எம்பீடுக்கு 2014-இல் நாவிக்குலர் உடைந்து அறுவை நடந்தது. முதல் இரண்டு சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. 2023-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அவருடைய பிலடெல்பியா அணியின் ரசிகர்கள் அந்த இரண்டு வருடமும் பொருமித் தீர்த்தார்கள். அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை என்று நான் என் நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

அந்த 19 வயதுப் பெண்ணிடம் எலும்பைப் பார்த்த பிறகும் என் கேள்வி முடிவதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை மாதமாக வரவில்லை, காலையில் என்ன சாப்பிட்டாய், எடை குறைக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா? ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால் உடம்பு முதலில் ஹார்மோனில் கை வைக்கும், அடுத்து எலும்பில். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் கொடுத்தது. உங்கள் மகளுக்கும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்திருக்கிறது என்கிறீர்கள். இந்தக் கேள்விகளை அவளிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லையென்றால் நீங்கள் ஒருமுறை கேளுங்கள். படிப்பு விஷயத்தைவிட இது அவசரம்.

இனி, அவள் ஆசைப்படும் அறுவை. விளையாட்டு வீரர்களுக்கு நாங்கள் செய்யும் அறுவைகளில் எனக்குப் பிடித்தது ஜோன்ஸ் ஃப்ராக்சர் சரிசெய்வது. சுண்டு விரலுக்குப் பின்னால், பாதத்தின் வெளி ஓரத்தில் ஓடும் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பு அடிப்பகுதிக்குச் சற்று முன்னால் உடைவது. லிவர்பூல் சர்ஜன் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடும்போது தன் பாதத்திலேயே இதை உடைத்துக்கொண்டு, 1902-இல் எழுதி வைத்தார். அங்கேயும் ரத்த ஓட்டம் மெலிவு. மாவுக்கட்டு போட்டால் பல பேருக்கு ஒட்டாமல் நின்றுவிடும், அதனால் வீரர்களுக்கு எலும்பின் உள்ளே நீளவாக்கில் ஒரு ஸ்க்ரூ ஏற்றுகிறோம்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் கீறல்தான். உள்ளே தோலுக்கு அடியில் சுரல் நரம்பு நூல் மாதிரி ஓடும். அதை ஒதுக்கிவிட்டு மெல்லிய கம்பியை எலும்பின் முனையில் வைக்கிறோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரம்: கொஞ்சம் மேலே, கொஞ்சம் உள்ளே. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்துக் கம்பியை ஏற்ற வேண்டும். இந்த எலும்பு நேரானது இல்லை, லேசாக வளைந்தது. ஆசைப்பட்டு நீளமான ஸ்க்ரூ போட்டால் அது வளைவை நிமிர்த்திவிடும், நிமிர்ந்தால் உடைந்த இடம் வெளிப்பக்கம் வாய் பிளக்கும். ஸ்க்ரூவின் நீளத்தை முடிவு செய்யும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் ஏழு வருடப் படிப்பு என்று எனக்குத் தோன்றும். அவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒட்டாமல் போவதுண்டு. கூடைப்பந்து வீரர் கெவின் டூரன்ட்டுக்கு 2014 அக்டோபரில் ஸ்க்ரூ போட்டார்கள். 2015 பிப்ரவரியில் மறுபடி தியேட்டர், மார்ச்சில் எலும்பு ஒட்டு வைத்து மூன்றாவது அறுவை. அந்த சீசன் அத்தோடு போனது. பிறகு அவர் இரண்டு சாம்பியன்ஷிப் ஜெயித்தார்.

நான் தவறவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். ரெசிடென்சி இரண்டாம் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எமர்ஜென்சிக்கு ஒரு பள்ளி மாணவன் வந்தான். அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது குதிகாலின் மேல் இன்னொருவன் விழுந்திருக்கிறான். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. உள்ளங்காலில் நீலமாக ஒரு கன்றல், அதைப் பார்த்தேன். பார்த்தும், சுளுக்கு என்று எழுதி பூட் மாட்டி அனுப்பினேன். பத்து நாள் கழித்து என் சீனியர் அவனை நிற்க வைத்து, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவில் இடைவெளி விரிந்திருந்தது. லிஸ்ஃப்ராங்க் காயம். நெப்போலியன் காலத்து பிரெஞ்சு சர்ஜன் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்த மூட்டுத் தசைநார் கிழிந்திருந்தது. உள்ளங்கால் கன்றல் அதற்கான அடையாளம் என்று நான் புத்தகத்தில் படித்தவன்தான். அந்தப் பையனுக்கு ஸ்க்ரூ போட்டோம், சீசன் போனது, நடக்கிறான், ஓடுகிறான். ஆனால் அந்தப் பத்து நாளை நான் மறக்கவில்லை. நிற்க முடிந்த எவரையும் நான் இன்றைக்கும் படுக்க வைத்துப் பாத எக்ஸ்ரே எடுக்க விடுவதில்லை.

எம்.டி.யா, டி.பி.எம்.மா என்ற கேள்விக்கு வருகிறேன். முட்டி, தோள், இடுப்பு எதிலாவது அவளுக்குத் துளி ஆசை இருந்தாலும் எம்.டி. அல்லது டி.ஓ. படித்து, ஐந்து வருடம் ஆர்த்தோ, ஒரு வருடம் பாத ஃபெலோஷிப் என்று போகட்டும். அந்த வழியில் நடுவில் மனம் மாறலாம். இதயம், கண், மனநலம் எதற்கும் திரும்பலாம். பொடியாட்ரியில் முதல் நாளே வாசல் ஒன்றுதான். கால் அலுத்துவிட்டால் வேறு உறுப்பு கிடையாது. எம்.டி. கிடைக்காததால் இங்கே வந்தவர்களை நான் கல்லூரியில் நிறையப் பார்த்தேன். பாதி பேர் நல்ல மருத்துவர்கள் ஆனார்கள், மீதிப் பேருடைய கசப்பு பத்து வருடம் கழித்தும் போகவில்லை. உங்கள் மகள் காலை விரும்பி வருகிறாள் என்றால் அதைத் தடுக்காதீர்கள்.

பணம். கல்லூரிக் கட்டணமே ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். வீட்டு வாடகை, சாப்பாடு சேர்த்தால் நான்கு வருடக் கடன் சாதாரணமாக 2,00,000 டாலரைத் தாண்டும். அரசுப் புள்ளிவிவரத்தில் பொடியாட்ரிஸ்ட்டின் இடைநிலை வருமானம் சமீப ஆண்டுகளில் 1,40,000 டாலருக்கு மேல். மருத்துவமனையிலோ ஆர்த்தோ குழுவிலோ சேர்ந்து அறுவை செய்பவர்கள் இதைவிட நன்றாகவே வாங்குகிறார்கள், சின்னத் தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் சில வருடம் இறுக்கம்தான். விளையாட்டு வீரர்களை மட்டும் பார்த்துப் பிழைப்பது அபூர்வம். என் வாரத்தில் பாதி சர்க்கரை நோயாளிகளின் புண், வயதானவர்களின் நகம், பித்தவெடிப்பு. இதைக் கேட்டு மகளின் முகம் வாடினால் கவனியுங்கள்.

எனக்கு அந்தப் பாதி வாரம் கீழானதாகப் பட்டதே இல்லை. அதற்கு ஒரு காரணம் வேலூர். 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது நோயால் நேரடியாக அல்ல, வலி தெரியாமல் நடப்பதால்தான் என்று கண்டறிந்தார். மாவுக்கட்டில் அழுத்தத்தைப் பரப்பிப் புண்ணை ஆற்றினார், அவர்களுக்காகவே மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்ய வைத்தார். மாவுக்கட்டு முறையை அவருக்கும் முன்பே இலங்கையில் மில்ராய் பால் என்ற சர்ஜன் கையாண்டிருக்கிறார். பிராண்ட் 1960-களில் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அறிவும் கூடவே போனது, அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு வந்தது. இன்று அமெரிக்காவில் எந்தப் பொடியாட்ரி மாணவனும் கற்றுக்கொள்ளும் முழுத்தொடர்பு மாவுக்கட்டின் வேர் அதுதான். கல்லூரியில் இதைப் படித்த அன்று ராத்திரியே ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "வேலூரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மதுரைத் தம்பி மகனுக்கு: அமெரிக்க டி.பி.எம். வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. இந்தியாவில் கால் அறுவைக்கு வழி எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். ஆர்த்தோ, பிறகு பாதம்-கணுக்கால் ஃபெலோஷிப். அறுவை வேண்டாம், விளையாட்டு போதும் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின், இல்லையென்றால் பிசியோதெரபி. நல்ல விளையாட்டு பிசியோ ஒருவர் ஓட்டக்காரருக்கு என்னைவிடப் பயன்படும் நாட்கள் உண்டு. அமெரிக்கா வந்தே படிப்பேன் என்றால், எல்லா ரெசிடென்சிகளும் விசா ஆதரவு தராது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

ஒரு இடைச்செருகல், பெற்றோர் எல்லோரும் கேட்பதால். குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று பயந்து வராதீர்கள். 1992-இல் கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்ற இருவர் 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தைப் பார்த்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு வைத்தியமே தேவையில்லை. அதே சமயம், இருபது வருடம் ஷூ போட்டு வளர்ந்தவர் திடீரென்று வெறுங்காலில் பத்து மைல் ஓடினால் மெட்டாடார்சல் உடையும். விரல் விரலாக இருக்கும் ஷூவை விற்ற விப்ரம் நிறுவனம், பாதம் வலுப்படும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக வந்த வழக்கை 2014-இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

இப்போது மகள் செய்ய வேண்டியது. இந்தக் கோடையில் குறைந்தது மூன்று பொடியாட்ரிஸ்ட்டுகளோடு சில நாட்கள் கூடவே நிற்கட்டும். ஒருவர் விளையாட்டு, ஒருவர் மருத்துவமனையில் சர்க்கரைப் புண் பார்ப்பவர், ஒருவர் சொந்தமாகச் சின்னக் கிளினிக் நடத்துபவர். கல்லூரிகளே பொடியாட்ரிஸ்ட்டோடு நின்று பார்த்திருக்கிறாயா என்று கேட்கும், பரிந்துரைக் கடிதமும் அவர்களிடமிருந்துதான் வேண்டும். அமெரிக்கப் பொடியாட்ரிக் விளையாட்டு மருத்துவ அகாதெமி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும், கூட்டங்களுக்குப் போகட்டும். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் ஃபிட் ஃபீட் என்று வீரர்களின் பாதத்தைப் பரிசோதிக்கும் முகாம் நடக்கிறது. அங்கே தொண்டு செய்தால் ஒரே நாளில் நூறு பாதம் பார்க்கலாம்.

போகும்போது தான் ஓடித் தேய்த்த பழைய ஷூ ஒரு ஜோடியைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மேஜை மேல் வைத்து, இதைப் பார்த்து என்ன சொல்வீர்கள் என்று அந்த டாக்டரைக் கேட்கட்டும். குதிகாலில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, பெருவிரலுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா, இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று நல்ல பொடியாட்ரிஸ்ட் ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடமும் அவள் கண் ஷூவை விட்டு நகராமல் இருந்தால், விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள்.